ரைனோபியாஸ்: எதிரே இருந்தும் கண்ணில் படாத மீன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை ஒட்டிய லெம்பே நீரிணையில் நான் எடுத்த ஒரு படத்தை ஊருக்கு வந்து நண்பர்களிடம் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: “இதில் மீன் எங்கே?” மீன் படத்தின் நடுவிலேயே இருந்தது. விரலை வைத்துக் காட்டிய பிறகு அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. காற்று உருளையோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா டைவிங் கற்றவர்கள் ஒரு விதமாகக் கேட்டார்கள், கடலில் கால் நனைத்ததோடு சரி என்பவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரைனோபியாஸ் என்பது என்ன மீன்?

தேள்மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம், அதாவது நெருங்கிய சில இனங்களின் தொகுப்பு. சிங்கமீனும் கல்மீனும் இதற்கு உறவு. ஆள் பெரிதில்லை, 20 செ.மீ. சொச்சம்தான், ஏறக்குறைய ஒரு சாண் நீளம். உடல் பக்கவாட்டில் தட்டையானது. மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருக்கும், வாய் அகலமாக மேல் பார்த்துத் திறக்கும், கண்கள் தலை உச்சியில் மேடு கட்டி நிற்கும். உடலெங்கும் கிளைத்த தோல் மடல்கள் தொங்கும். நீந்துவதைவிட மார்புத் துடுப்புகளையும் அடித் துடுப்புகளையும் ஊன்றித் தரையில் நகர்வதே இதற்குப் பழக்கம். பெயரின் முதல் பாதி கிரேக்கத்தில் மூக்கைக் குறிக்கும் சொல். முகத்தை ஒருமுறை பார்த்தால் அந்தப் பெயரின் காரணம் புரிந்துவிடும்.

எத்தனை இனங்கள்? எப்படி அடையாளம் காண்பது?

ஆறு இனங்கள். ஹவாயில் ஒன்று, ஜப்பான் பக்கம் ஒன்று, 1997இல் ஈஸ்டர் தீவிலிருந்து விவரிக்கப்பட்ட ஒன்று ஆகிய மூன்றும் நம்மைப் போன்ற டைவர்கள் கண்ணில் படுவது அரிது. பேச்சில் அடிபடுவதெல்லாம் மற்ற மூன்றும்தான்.

முதலாவது ஃப்ராண்டோசா. மொரீஷியஸில் கிடைத்த மீனை வைத்து 1892இல் மீனியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தர் அறிவியலுக்கு முதலில் விவரித்தது. உடல் முழுக்கத் தோல் மடல்கள், வட்ட வட்டமான புள்ளிகள். இரண்டாவது அஃபானிஸ். 1973இல் இன்னொரு மீனியல் அறிஞர் வில்லியம் எஷ்மயர் பெயரிட்டது. கிரேக்கத்தில் ‘கண்ணுக்குத் தெரியாத’ என்று பொருள். இதைவிடப் பொருத்தமாக ஒரு மீனுக்குப் பெயர் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். உடலில் சிக்குக் கோலம் போட்டாற்போல வளைந்து பின்னிய கருங்கோடுகள் இருக்கும், மடல்களோ எண்ணி மாளாது. மூன்றாவது, அந்த எஷ்மயரின் பெயரையே தாங்கிய எஷ்மயரி. 1977இல் விவரிக்கப்பட்டது. மற்ற இரண்டைப் போல் இதில் அலங்காரம் அதிகமில்லை. பெரும்பாலும் ஒரே நிறம், கண்ணுக்கு மேலே துடுப்புக் கட்டை போல் அகலமான ஒரு மடல், ஓரம் அதிகம் பிளவுபடாத முதுகுத் துடுப்பு.

படத்தை வைத்து அடையாளம் சொல்ல வேண்டுமானால் கண்ணுக்கு மேலுள்ள மடலையும் முதுகுத் துடுப்பின் ஓரத்தையும் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் சிவப்பும் உண்டு, மஞ்சளும் உண்டு, ஊதாவும் உண்டு.

படங்களில் ரோஜா நிறத்திலும் ரத்தச் சிவப்பிலும் ஜொலிக்கிறதே, இது எப்படி மறைந்திருக்க முடியும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நானே டைவிங் தொடங்கிய காலத்தில் இதைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். நீங்கள் பார்க்கும் சிவப்பு கேமரா ஃபிளாஷ் கொண்டுவந்த சிவப்பு. மீன் இருக்கும் இடத்தில் அந்தச் சிவப்பு கிடையாது.

சூரிய ஒளியில் உள்ள நிறங்களில் சிவப்பைத்தான் கடல்நீர் முதலில் விழுங்குகிறது. பத்து மீட்டர் இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு ஆரஞ்சு, அதன் பிறகு மஞ்சள். இருபது மீட்டர் ஆழத்தில் எஞ்சுவது பெரும்பாலும் நீலமும் பச்சையும்தான். சிவப்பு மீனின் மேல் பட்டுத் திரும்பச் சிவப்பு ஒளியே இல்லாதபோது அது எப்படிச் சிவப்பாகத் தெரியும்? மங்கிய பழுப்பாகவோ சாம்பல் கலந்த கறுப்பாகவோ தெரியும். பக்கத்தில் கிடக்கும் மக்கிய இலை, கடற்பஞ்சு, கடற்பாசி மூடிய கல் எல்லாமே அங்கே அந்த நிறத்தில்தான் இருக்கும்.

சிவப்பு மை பூசிய தூண்டில் குண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கிப் பாருங்கள், நிறம் கண்ணெதிரே செத்துப்போகும். அப்படியிருக்க டைவர்கள் பலரும் படத்தில் பார்த்த செக்கச்செவேல் மீனை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே அந்த நிறத்தைத் தேடுகிறார்கள். இல்லாத ஒன்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? டார்ச் அடித்த நொடியில் நிறம் திரும்ப வந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள வழிகாட்டிகள் பட்டப்பகலிலும் கையில் டார்ச்சோடு இறங்குகிறார்கள்.

அப்படியானால் மறைவுக்குக் காரணம் நிறம் மட்டுமா?

நிறம் பாதிகூட இல்லை. நம் கண் ஒரு மீனை மீன் என்று அறிவது வெளிக்கோட்டால்தான்: முன்னே கூம்பிய முகம், வயிற்றின் வளைவு, பிளந்த வால். ரைனோபியாஸ் அந்தக் கோட்டைத்தான் குலைக்கிறது. தாடையில் மடல், கன்னத்தில் மடல், துடுப்பு ஓரத்தில் கிழிசல் கிழிசலாகத் தோல். உடல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது கண். எந்த விலங்கையும் காட்டிக்கொடுப்பது வட்டமான கண்தான். இந்த மீனில் உடலின் நிறமும் கோடுகளும் கண்ணின் மேலும் தொடர்வதால் அந்த வட்டம் உடைந்துபோகிறது.

மூன்றாவது அசைவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அலையின் இழுப்பில் பாசி முன்னும் பின்னும் ஆடுமல்லவா, அதே தாளத்தில் இந்த மீனும் உடலை ஆட்டுகிறது. நகர வேண்டுமென்றாலும் ஓர் அடி வைத்து, ஆடி, நின்று, மீண்டும் ஓர் அடி வைக்கும். நான் பார்த்த மீன் கை நீளத் தூரத்தைக் கடக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நேராக அதையே பார்த்துக்கொண்டிருந்தும், நடுவில் இரண்டு முறை அதைப் பாசி என்று நினைத்துப் பார்வையை விலக்கிவிட்டேன்.

அஃபானிஸ் இன்னும் ஒரு படி மேலே. இறகு நட்சத்திரம் என்று ஒரு கடல் உயிர் உண்டு, நட்சத்திர மீனுக்கு உறவு. இறகு போன்ற கைகளை விரித்துப் பவளப்பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும். அஃபானிஸின் கருங்கோடுகளும் கிளைத்த மடல்களும் அதன் கைகளை அப்படியே ஒத்திருக்கின்றன. இரண்டும் அருகருகே இருந்தால் எது எது என்று சொல்வது கடினம்.

பாம்பு போல் தோல் உரிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் பாம்பைப் போல் முழுச் சட்டையாகக் கழற்றுவதில்லை. தோலின் மேலிருக்கும் மெல்லிய படலத்தை அவ்வப்போது உதறுகிறது. அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும் உடலில் பாசியும் நுண்ணுயிரும் ஒட்டி வளரத்தான் செய்யும். மறைவுக்கு அது கொஞ்சம் உதவும், அளவு மீறினால் உடம்புக்கு ஆகாது. அதனால் படலத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றி எறிகிறது. இதன் உறவான இலைத் தேள்மீன் மாதத்துக்கு இரண்டு முறை வரை இப்படிச் செய்யும். உரிக்கும் நேரத்தில் பார்த்தால் மீன் கொட்டாவி விடுவது போல வாயைப் பிளந்து உடலை உலுக்கும். கிழிந்த பாலாடை போல ஏதோ ஒன்று நீரில் மிதந்து போகும்.

நிறம் மாற்றுமா?

மாற்றும், ஆனால் பச்சோந்தியைப் போல் உடனே அல்ல. ஒரே மீனை வாரக்கணக்கில் கவனிக்கும் வழிகாட்டிகள், தோல் உரித்த பிறகு வேறு சாயலில் பார்த்ததாகச் சொல்வார்கள்.

யாருக்குப் பயந்து இப்படி ஒளிகிறது?

பயத்தைவிடப் பசிதான் பெரிய காரணம். இது துரத்திப் பிடிக்கும் மீனல்ல. மீன்களை மிதக்க வைக்கும் நீச்சல் பை கிடையாது, வேகமும் கிடையாது. “ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடியிருக்குமாம் கொக்கு” என்று ஔவையார் பாடியது நினைவிருக்கும். அந்தக் கொக்கின் வேலையைத்தான் இந்த மீன் கடலடியில் செய்கிறது. சின்ன மீனோ இறாலோ எட்டும் தூரத்துக்கு வரும்வரை பொறுத்திருக்கும். வந்ததும் வாயைச் சட்டென்று விரிக்கும். வாய்க்குள் அழுத்தம் குறைவதால் வெளியிலிருக்கும் நீர் உள்ளே பாயும், அந்த நீரோடு இரையும் போய்விடும். இமைப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் நீந்திய மற்ற மீன்கள் நடந்ததையே அறியாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

உண்மையிலேயே அபூர்வமா, அல்லது நமக்குத் தெரியவில்லையா?

இரண்டும் கலந்தது என்பது என் கருத்து. இதன் பரப்பு மிகப் பெரிது. ஃப்ராண்டோசா கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து ஜப்பான் வரை பரவியிருக்கிறது. இவ்வளவு அகலமாகப் பரவிய இனத்தை ஓரிடத்து அபூர்வ உயிரோடு ஒப்பிட முடியாது. ஆனால் எந்த இடத்திலும் கூட்டமாக இருப்பதில்லை. தனியாகவோ சில வேளை ஜோடியாகவோதான் கிடக்கும். ஒரு வளைகுடா முழுவதும் ஒன்றிரண்டு மீன்கள் என்றால் ஒரு மணி நேர டைவில் அதைத் தாண்டிப் போவது எவ்வளவு சுலபம்!

ஆழமும் ஒரு காரணம். ஃப்ராண்டோசா 90 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. பொழுதுபோக்கு டைவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. பெரும்பாலோர் 18 முதல் 30 மீட்டருக்குள் நின்றுவிடுவோம். அந்த மீனின் வீட்டில் நாம் வாசல் திண்ணை வரைதான் போகிறோம்.

இன்னொன்று, நாம் எங்கே தேடுகிறோம் என்பது. வண்ணப் பவளங்கள் நிறைந்த சரிவுகளில்தான் எல்லாரும் இறங்குவார்கள். எஷ்மயரிக்கோ பவளத்தை விட்டு விலகிய மணல், கற்சிதறல், பாசிப் படுகை போதும். அழகில்லை என்று நாம் ஒதுக்கிய இடங்களில் அது நெடுங்காலமாகக் குடியிருந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் மனிதர்கள் நிதானமாகத் தேடத் தொடங்கிய பிறகு பார்த்தவர்களின் எண்ணிக்கையும் கூடியது.

அந்த மாதிரி இடங்களில் இறங்குவதைத்தான் ‘மக் டைவிங்’ என்கிறார்களா?

ஆமாம். சேறு, கறுப்பு எரிமலை மணல், படகுத் துறைக்கு அடியில் சேர்ந்த குப்பை ஆகியவற்றுக்கு நடுவே சின்னஞ்சிறு உயிர்களைத் தேடும் டைவிங். பப்புவா நியூ கினியின் மில்ன் வளைகுடாவில் 1980களில் படகு நடத்திய பாப் ஹால்ஸ்டெட் வைத்த பெயர் இது. இன்று இது பெரிய தொழில். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இதன் ஆண்டு வருமானம் 15 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று கணக்கிட்டது. மக் டைவர்களிடம் எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டபோது, பல வேடமிடும் ஆக்டோபஸ், நீல வளைய ஆக்டோபஸ் ஆகியவற்றோடு ரைனோபியாஸும் முன்வரிசையில் வந்தது.

எங்கே போனால் பார்க்கலாம்?

இந்தோனேசியாவில் லெம்பே, அம்போன், அலோர், பாலித் தீவின் துலம்பென். பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே அனிலாவோ. அஃபானிஸுக்குப் பப்புவா நியூ கினி. பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடியும், உறுதி யாரும் தர முடியாது. உறுதி தருகிறேன் என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் அந்த மீனை என்ன செய்து வைத்திருக்கிறார் என்ற கேள்வி எனக்கு வரும்.

நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. இது இருந்த இடத்தை அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், ஒரே சுற்றுவட்டத்தில் கிடக்கும். அதனால் முதல் நாள் ஒரு வழிகாட்டி கண்டால் செய்தி துறை முழுக்கப் பரவிவிடும். உள்ளூர் வழிகாட்டிகளின் நினைவாற்றலை என்னவென்று சொல்வது! மூன்றாவது கல்லுக்கு இடப்பக்கம், உடைந்த பவளத்துக்குப் பின்னால் என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்.

தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முழு மீனைத் தேடாதீர்கள். வாயின் ஓரத்தைத் தேடுங்கள். மூடிய வாய் தலைகீழான பிறை போல ஒரு கோடாக இருக்கும்; பாசியில் அப்படி ஒரு கோடு இருக்காது. மார்புத் துடுப்பின் தடித்த கதிர்கள் விரல் மாதிரி தரையில் ஊன்றியிருக்கும், அதுவும் ஒரு துப்பு. இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொங்கும் மடல்களைக் கண்டால் நில்லுங்கள். செடியில் இப்படி இடமும் வலமும் ஒத்திருப்பது அபூர்வம்.

லெம்பேயில் என் வழிகாட்டி ஓர் இடத்தில் நின்று, தரையைச் சுட்டிக் காட்டினார். ஊதாப் பாசிக் கொத்து ஒன்று இருந்தது. தலையாட்டினேன், புரியவில்லை என்று கை காட்டினேன். அவர் சிரித்து, டார்ச் வெளிச்சத்தை மெல்லக் கொத்தின் நடுவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஒரு கண் என்னைத் திரும்பிப் பார்த்தது. முகமூடிக்குள் கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஆறு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் நன்றாக வர, கம்பியால் லேசாகத் திருப்பி வைக்கலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். மணலில் ஊன்றிக்கொள்ள டைவர்கள் வைத்திருக்கும் கம்பியால் மீனைத் தள்ளி நல்ல பின்னணிக்கு நகர்த்துவதை நானே பார்த்திருக்கிறேன். மறைவிடத்திலிருந்து வெளியே இழுத்துப் போட்டால், இரை அதைக் கண்டுகொள்ளும். அதைத் தின்னக்கூடியதும் கண்டுகொள்ளும். விரைந்து தப்பும் வேகம் இல்லாத மீனுக்கு ஒளிந்திருப்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

வழிகாட்டிகளை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. நல்ல படம் கிடைத்த விருந்தாளிதான் நல்ல அன்பளிப்புத் தருவார். இறங்குவதற்கு முன்பே, “மீனைத் தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம், இருக்கிறபடி காட்டினால் போதும்” என்று நாம் சொல்லிவிட்டால் அவர்கள் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கும். மணலைக் கிளப்பாமல் மிதக்கப் பழகிய பிறகு இங்கே போவதும் நல்லது. காலில் மாட்டிய ஃபின் (நீந்தும் துடுப்பு) ஒருமுறை தவறாக அடித்தால் தரையில் கிடக்கும் உயிர்கள் மேல் மண் கொட்டும்.

ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா?

கடலடித் தரையில் வாழும் மீன்களை வைத்து இதை ஆராய்ந்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். டைவர் பக்கத்தில் இருப்பதால் ஏற்படும் பாதிப்பைவிட ஃபிளாஷால் கூடுதல் பாதிப்பு தென்படவில்லை. கடல்குதிரைகளின் கண்களைச் சோதித்ததில் சேதம் காணப்படவில்லை. தொட்டு நகர்த்தியதே மீன்களை மிக அதிகமாகக் கலைத்தது. ஆனாலும் பத்துப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஐம்பது படம் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சில படங்களோடு விலகி, அடுத்தவருக்கு இடம் விடுங்கள், மீனுக்கும் இடைவெளி விடுங்கள்.

விஷம் உண்டா? குத்தினால்?

உண்டு. முதுகுத் துடுப்பில் 12 முட்கள், அடியிலும் சில. இது தேடி வந்து குத்தாது. நாம் கை ஊன்றினாலோ முழங்கால் போட்டாலோ அழுத்தத்தில் விஷம் ஏறும். வலி கடுமையாக இருக்கும். பதறாமல் முறைப்படி மேலேறி, கண்ணில் படும் முள்துண்டை எடுத்துவிட்டு, குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். விஷத்திலுள்ள புரதம் சூட்டில் செயலிழக்கும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் வேறொருவர் நீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மீன்தொட்டியில் வளர்க்கலாமா?

உலகச் சந்தையில் பெரிய விலைக்கு விற்கிறார்கள், வாங்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு துறைக்கு ஒன்றிரண்டு என்று வாழும் மீனில் ஒன்றைப் பிடித்தால் அந்தத் துறையில் என்ன மிஞ்சும்?

நம் பக்கத்துக் கடலில் இப்படி ஒளியும் மீன் உண்டா?

சிங்கமீன், கல்மீன் எல்லாம் மன்னார் வளைகுடாவில் உண்டு. அதைவிட இந்தப் பேச்சுக்கு நெருக்கமான ஒன்றும் நடந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துச் சேதுக்கரை, அமாவாசைக்கு நீராடக் கூட்டம் கூடும் அதே கரை. அதற்கு அப்பால் கடற்புல் படுகைகளை ஆய்வு செய்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கண்ணில், புல்லுக்கு நடுவே செத்த பவளத் துண்டு போல ஒன்று பட்டது. மீனா, பவளக் கூடா என்று அவர்களுக்கே முதலில் சந்தேகம். பிறகு பார்த்தால் அது ஒரு தேள்மீன், பட்டைவால் தேள்மீன் என்ற இனம். வெள்ளையாகக் கிடந்த உடல், கிளர்ந்ததும் நொடிகளில் கறுத்தது, பின் மஞ்சளும் காட்டியது. இந்தியக் கடலில் அந்த இனம் உயிரோடு காணப்பட்டது அதுவே முதல் தடவை என்று 2020இல் அறிவித்தார்கள்.